பர்த்தினாவின் இடது கை

பர்த்தினா வியாழக்கிழமைகளில் சோப்புப் போட்டுக் குளிப்பதில்லை. பவுடர், எண்ணெய் எதுவும் கிடையாது. இடது கையை மட்டும் முழங்கை வரை வெறும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுவார். துடைக்க மாட்டார். வாசலில் நின்று, யாரோ எதையோ தருவதற்குக் காத்திருப்பதைப் போலக் கையை நீட்டிக் காற்றில் உலர்த்துவார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வெள்ளிக்கு முந்தின நாள் பேய்களுக்கு உகந்தது என்பது ஜாவாவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆகவே பர்த்தினா பணப்பேய் வளர்க்கிறார் என்பதற்கு எங்கள் தெருவில் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வதந்தியை எனக்கு முழு வடிவத்தில் சொன்னவர் எதிர்வீட்டு லஸ்மி. வாசலிலேயே அடுப்பு வைத்து, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே வில்லைகளை வறுத்து விற்பவர். தெம்பேயைத் திருப்பிப் போடும் நேரத்தில் ஒரு மனிதரையும் திருப்பிப் போட்டுவிடுவார்.

"பேய் சும்மாவா பணம் குடுக்கும்? வாரம் ஒருக்கா ரத்தம் குடிக்கும். கடைசியில வீட்டுல ஒரு உசுரைக் காவு கேட்கும். கேட்டுச்சு, பையனைக் குடுத்துட்டா."

"நீங்க பேயைப் பாத்தீங்களா அக்கா?"

"பேயை யாராவது பாப்பாங்களா? மோட்டார் சைக்கிளைப் பாத்தேன்."

பர்த்தினாவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. ஒடிசலான உடம்பு. விடுதி மாணவர்களின் அழுக்குத் துணியை எடைக்கு வாங்கித் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பது பிழைப்பு. வதந்தியால் தெருக்காரர்கள் துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள். மாணவர்கள் நிறுத்தவில்லை. அவர்களுக்கும் பேய்ப் பயம் உண்டு. துவைக்கும் பயம் அதைவிடப் பெரியது. கணவர் போர்னியோவில், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். பெருநாளுக்கு வருவார், சாப்பிடுவார், போய்விடுவார்.

பேயைப் பேட்டி காணும் வாய்ப்பு எழுதிப் பிழைக்கிறவனுக்கு எளிதில் அமையாது. ஒரு புதன்கிழமை, நாளைக்கு நானும் கூட வரலாமா என்று பர்த்தினாவிடமே கேட்டேன். மறைப்பார் என்று நினைத்தேன். "வாங்க தம்பி" என்றார். "ஆனா சென்ட்டு அடிச்சுக்கிட்டு வராதீங்க. பிள்ளைங்களுக்குப் பிடிக்காது."

பிள்ளைகள் ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், புழுக்கமான அறையில், வெள்ளை வலைக்கூண்டுகளுக்குள் இருந்தன. ஆயிரக்கணக்கான கொசுக்கள். கூண்டின் பக்கவாட்டில் சட்டைக் கையைப் போல ஒரு துணிக்குழாய். முதலில் காய்ச்சல் இருக்கிறதா என்று பர்த்தினாவைச் சோதித்தார்கள். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையைக் குழாய்க்குள் விட்டார். எள்ளைக் கொட்டியதைப் போல அவை கையில் இறங்கின. கொஞ்ச நேரத்தில் ஒவ்வோர் எள்ளும் சிவந்து உப்பத் தொடங்கியது.

"மெதுவா, மெதுவா. எல்லாருக்கும் இருக்கு" என்று கூண்டுக்குச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நேத்து அவரைக்காய் மாதிரி ஒரு நாத்தக் காய் இருக்கே, அதைத் தின்னுட்டேன். இன்னைக்கு மூஞ்சியைச் சுளிக்குதுங்க, பாருங்க" என்றார். எனக்கு முகம் எதுவும் தெரியவில்லை.

"எரியலையா அக்கா?"

"மொதல்ல எரியும். அப்புறம் அரிக்கும். வீட்டுக்குப் போய் அரிசி கழுவின தண்ணியில கையை வெச்சுப்பேன். குடிக்கிறது பூராவும் பொம்பளைங்கதான் தம்பி. ஆம்பளைங்க சக்கரைத் தண்ணியிலயே காலத்தை ஓட்டிடுவானுங்க, எங்க வீட்டுக்காரர் மாதிரி."

அங்கே வேலை பார்க்கும் ரெத்னோ என்ற இளம்பெண் எனக்கு விளக்கினார். பல பூச்சிகளின் உடம்பில் இயல்பாக வாழும் ஒரு பாக்டீரியாவை இந்தக் கொசுக்களுக்குள் புகுத்தியிருக்கிறார்கள். அது உள்ளே இருந்தால் டெங்குக் கிருமியால் அந்தக் கொசுவின் உடம்பில் சரியாகப் பெருக முடியாது. தாய்க்கொசுவிடமிருந்து முட்டைக்குப் போகும், அதன் முட்டைக்கும் போகும். ஊருக்குள் விட்டால் சில மாதங்களில் ஊர்க் கொசுக்களும் இந்த வம்சமாகிவிடும். ஆனால் முட்டையிட ரத்தம் வேண்டும். அதற்காகத்தான் பர்த்தினாவும் இன்னும் சில பெண்களும் வாரம் ஒருமுறை வந்து கை நீட்டுகிறார்கள்.

ஆக, சரிபார்த்தாயிற்று. வியாழக்கிழமை போவது உண்மை. ரத்தம் கொடுப்பது உண்மை. அதில் வரும் வருமானத்தை நம்பித் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கியது உண்மை. பையன் செத்தது உண்மை. எதற்காக எது நடந்தது என்பது மட்டும்தான் பொய். எங்கள் தெருவின் வதந்திகளில் இவ்வளவு உண்மையை நான் பார்த்ததில்லை.

பையன் பெயர் பிமோ. நம் பீமனைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். பெயர் வைத்ததோடு சரி. பையன் அம்மாவைப் போலவே ஈர்க்குச்சி. லஸ்மியின் மகள் வூலனும் அவனும் ஒரே வகுப்பு.

பிமோ உயிரோடு இருந்தபோது இந்தக் கொசு பலிக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பாதிக்குக் கொசு, பாதிக்கு இல்லை என்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது, அதையும் எல்லார் முன்னாலும் எடுப்பது என்று முடிவாயிற்று. ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்கும் எங்களுக்காகச் சீட்டெடுக்கப் போனவர் தெருத் தலைவர் சுகெங். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றுவரை எதிரில் வருகிறவர் எல்லோரையும் டிக்கெட் இல்லாதவராகவே பார்ப்பார். சீட்டில் எங்கள் கரைக்கு 'இல்லை' என்று வந்தது. அக்கரைக்குக் கொசு.

தெருமுனையிலேயே கையை உயர்த்திக்கொண்டு வந்தார் சுகெங். "தப்பிச்சோம்! கொசு பூராவும் அந்தக் கரைக்காரனுக்கு!"

தெருவே கைதட்டியது. லஸ்மி ஒரு சட்டித் தெம்பேயைக் காசு வாங்காமல் கொடுத்தார், அவருடைய வாழ்நாளில் முதல் தடவையாக. பர்த்தினாவும் இரண்டு எடுத்துக்கொண்டு சிரித்தார். "என் பிள்ளைங்க அக்கரைக்கு வாழப் போகுதுங்க" என்றார்.

மறு மழைக்காலத்தில் பிமோவுக்குக் காய்ச்சல். டெங்குதான் என்று சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். தண்ணீர் நிறையக் கொடுங்கள், வயிறு வலித்தால் உடனே கொண்டு வாருங்கள் என்றார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. வீட்டில் இருந்த எல்லோருக்கும் நிம்மதி. லஸ்மி கொய்யாப்பழச் சாறு பிழிந்து கொண்டுவந்தார்; டெங்குவுக்கு இங்கே அதுதான் கைவைத்தியம். பிமோ அரைத் தம்ளர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். "கை சில்லுனு இருந்துச்சு. சூடு நல்லா விட்டுருச்சுன்னு நெனச்சேன்" என்கிறார் பர்த்தினா. காய்ச்சல் விட்ட பிறகுதான் சிலருக்கு ஆபத்தே தொடங்கும். வயிற்றுவலியும் சில்லிட்ட கையும் அதற்கு அறிகுறி. ஆராய்ச்சி நிலையத்துச் சுவரில் படம் போட்டே ஒட்டியிருக்கிறார்கள், நானே பார்த்தேன். அதன் கீழேதான் பர்த்தினா வாராவாரம் உட்கார்ந்திருந்தார். நாற்காலி அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிப் போடப்பட்டிருக்கிறது.

பிமோவுக்காக வீட்டில் நடந்த ஏழு நாள் ஓதல் முடிந்த அடுத்த வியாழக்கிழமை பர்த்தினா கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருவால் இதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. "வீட்ல உக்காந்தா இந்தக் கை பையனைத் தேடுது தம்பி. அங்க போனா அதுக்கு ஒரு வேலை இருக்கு" என்று அவர் என்னிடம் சொன்னதைப் போல யாரிடமாவது சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் ஒரு சின்ன டப்பா தொங்கும். மாலையில் அதில் ஒரு கரண்டி அரிசி போட்டு வைக்க வேண்டும். காவல் சுற்றுகிறவர்கள் அதைத் திரட்டிக்கொண்டு போவார்கள். தெருவிளக்கு, சாக்கடை, யாராவது படுத்துவிட்டால் மருத்துவச் செலவு எல்லாம் அந்த அரிசியை விற்றுத்தான். போடாதவர் தெருவுக்குக் கடன்காரர். பிமோ செத்த பிறகு காவல்காரர்கள் பர்த்தினாவின் டப்பாவைத் தொடாமல் தாண்டிப் போகத் தொடங்கினார்கள். பேய் கொடுத்த அரிசி பொது அரிசியில் கலந்துவிடக் கூடாதாம். பர்த்தினா வழக்கம்போல மாலையில் போடுவார். காலையில் அப்படியே இருக்கும். கறுப்பு வண்டு வந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டு, அன்றைய கரண்டியை மேலே போடுவார்.

பிறகு முடிவுகள் வந்தன. அக்கரையில் டெங்கு கால்வாசியாகக் குறைந்திருந்தது. இனி எங்களுக்கும் கொசு உண்டு, முட்டை வைத்த பக்கெட்டுகளைத் தெருவில் தொங்கவிடலாம், ஆனால் தெரு சம்மதிக்க வேண்டும் என்றார்கள். அத்தனை ஆசையோடு பர்த்தினாவை நான் பார்த்ததில்லை. வழியில் பார்ப்பவர்களையெல்லாம் நிறுத்தி, வியாழக்கிழமைகளில் தான் ரத்தம் கொடுப்பது இந்தக் கொசுக்களுக்குத்தான் என்று விளக்கினார். "இந்தக் கரையில இன்னொரு பிள்ளை போகக் கூடாது. அவ்வளவுதான் கேக்கறேன்" என்றார். நிலையத்திலிருந்து ஓர் ஆளை வரவழைத்து, முதல் பக்கெட்டுக்கான கொக்கியைத் தன் வீட்டு முகப்பில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் அடிக்கவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூப்பந்து மைதானத்தில் கூட்டம். ரெத்னோ படங்களை விரித்து விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு லஸ்மி எழுந்தார்.

"கொசு வேணாம்னு நான் சொல்லலை. நானும் ஒரு பிள்ளையை வெச்சிருக்கேன். ஆனா அவ ரத்தம் குடிச்ச கொசு எம் பொண்ணைத் தொடக் கூடாது. பெத்த பிள்ளையையே குடுத்த ரத்தம் அது."

சுகெங் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்படி வெச்சுக்கலாம். பக்கெட் வரட்டும். ஆனா பர்த்தினா இனிமே அங்க போகக் கூடாது. அவங்க ரத்தத்துல வந்த முட்டை நம்ம தெருவுக்கு வரக் கூடாது. அவங்க வீட்டுல பக்கெட்டும் வேண்டாம். என்ன சொல்றீங்க?"

"அண்ணே, அப்படியெல்லாம் பிரிக்க..." என்று ரெத்னோ தொடங்கினார்.

கடைசி வரிசையில், செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்த்தினா எழுந்தார். "சரி" என்றார். "அப்படியே இருக்கட்டும். பக்கெட் எப்ப வரும்?"

திரும்பும்போது வண்டிக்குப் பக்கத்தில் ரெத்னோ கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எந்தக் கூண்டு யாரோட ரத்தம்னு நாங்க பிரிச்செல்லாம் வெக்கலை அண்ணே. இங்க வரப்போற ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ அவங்க கையில குடிச்சவளாத்தான் இருப்பா. இதை நான் அங்கயே சொல்லியிருக்கணுமோ?"

"சொல்லிடாதீங்க" என்றார் பர்த்தினா, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

சொல்லவில்லை. என் தெருவில் யாரும் தமிழ் படிப்பதில்லை என்கிற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன். படிக்கத் தெரிந்தவர் யாராவது இந்தப் பக்கம் வந்தால், லஸ்மியிடம் தெம்பே மட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுங்கள்.

பக்கெட்டுகள் வந்துவிட்டன. பர்த்தினாவுக்கு என்று வந்தது எதிர்ச் சுவரில், லஸ்மியின் அடுப்புக்கு மேலே தொங்குகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து தண்ணீரையும் முட்டைத்தாளையும் மாற்றுகிறார்கள். மூடியின் ஓட்டைகளிலிருந்து கொசுக்கள் ஒவ்வொன்றாக வெளியேறுவதை வூலன் முக்காலியில் ஏறி நின்று பார்க்கிறாள். வாசலில் துணி தேய்த்துக்கொண்டு பர்த்தினாவும் பார்க்கிறார். சில சமயம் ஒன்று சாலையைத் தாண்டி வந்து அவருடைய இடது கையில் உட்காரும். தேய்ப்பதை நிறுத்திவிட்டு, அது குடித்து முடிக்கும்வரை கையை அசைக்காமல் வைத்திருப்பார்.

வதந்தி தீரவில்லை. வியாழக்கிழமைகளில் இப்போது அவர் சோப்புப் போட்டுக் குளிக்கிறார் என்பதைத் தெரு கவனித்துவிட்டது. பேயைக் கைவிட்டுவிட்டாராம், கைவிடப்பட்ட பேய் பசியோடு அலையுமாம். மோட்டார் சைக்கிளைத் தவணை கட்டாததால் கொண்டுபோய்விட்டார்கள். அது பேயின் வேலை என்கிறார் லஸ்மி. காவல்காரர்கள் இப்போது அந்த வீட்டை எதிர்ப்பக்கமாகவே கடக்கிறார்கள்.

நேற்று மாலை நான் போனபோது பர்த்தினா அரிசிக் கரண்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். சின்ன டப்பா விளிம்புவரை நிறைந்திருந்தது. ஒரு மணிகூடக் கொள்ளாது.

"விட்டுடுங்களேன் அக்கா. அவங்கதான் எடுக்கிறதில்லையே."

"அவங்க எடுக்கலைன்னா நான் குடுக்க வேண்டியது இல்லைன்னு ஆயிடுமா?"

உள்ளே போய்ப் பழைய பிஸ்கட் தகரம் ஒன்றை எடுத்து வந்தார். ஆணியால் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் கம்பி கோத்தார். சின்ன டப்பாவில் இருந்ததை அதில் கொட்டி, அன்றைய கரண்டியையும் போட்டார். பிறகு முகப்பில் வெறுமனே இருந்த அந்தப் பக்கெட் கொக்கியில் அதை மாட்டி, கனம் தாங்குகிறதா என்று இடது கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.