ஏணிக்குக் கைப்பிடிச்சுவர்

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் நேற்று முழுக்க வெல்டிங் வேலை. இரும்பு கருகும் அந்த வாசனை எனக்கு ஆவதில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். வாசனை கதவுக்குக் கட்டுப்படுமா என்ன? எழுதிவிட்டால் கொஞ்சம் தூங்கலாம் என்று தோன்றியது. அதுவும் நிச்சயமில்லை.

தாராவியில் அப்பா விட்டுப்போன வீடு ஒன்று இருந்தது. கீழே நாங்கள். மேலே, அங்கே 'மாலா' என்பார்கள், தகரக் கூரைக்கு அடியில் ஓர் அறை. அதற்கு ஏற, சந்திலிருந்து செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் கயிறு. மழைக்காலத்தில் அந்தக் கயிறு ஊறி, ஈரச்சாக்கு மாதிரி நாறும். மேலே தோல்பை தைக்கும் தங்கதுரையும் அவன் மனைவி எஸ்தரும் வாடகைக்குக் குடியிருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்துச் சனம், எங்கள் சபை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். வேதபாடம் நடத்துவது நான். அரசு அலுவலகத்தில், முன்னுதாரணம் இல்லாத கோப்பில் கையெழுத்துப் போடாதவன் என்று எனக்குப் பெயர். அதில் பெருமை வேறு. வேதத்தையும் கோப்பு மாதிரிதான் புரட்டினேன்.

ஒருநாள் பாடம், மோசேயின் உபாகமம். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், யாரும் விழுந்து பழி வந்துவிடக் கூடாது என்கிற கட்டளை. எஸ்தர் கேட்டாள்:

"அப்ப நம்ம ஏணிக்கு, அண்ணாச்சி? ஒரு கையில குடம், ஒரு கையில கயிறு. உசிரக் கையில புடிச்சிக்கிட்டுலா ஏறுதேன்."

"அது மொட்டை மாடிக்குச் சொன்னது, எஸ்தர். அதுவும் புது வீட்டுக்கு. இது எங்க அப்பா காலத்து வீடு."

"விழுதவளுக்குப் புதுசு என்ன, பழசு என்ன? மோசே நம்ம சந்துக்கு வந்திருந்தா, ஏணியப் பாத்துட்டுத்தான் மத்த கட்டளைய எழுதியிருப்பாரு."

கூட்டமே சிரித்தது. "ஏட்டீ, சும்மா கெட" என்றான் தங்கதுரை. நானும் சிரித்தேன். பிறகு, இதற்குமுன் குடியிருந்தவர்களும் இதே ஏணியில்தான் ஏறினார்கள், எந்தப் போதகரும் அந்த வசனத்துக்கு ஏணி என்று பொருள் சொன்னதில்லை என்று விளக்கினேன். கூட்டம் முடிந்து போகும்போது சிலர் அதைப் பாராட்டவும் செய்தார்கள். கட்டளை எதற்காக என்று அவள் கேட்டிருந்தாள். நான் அதைத் தவிர மற்றதையெல்லாம் சொல்லியிருந்தேன்.

அந்த மழைக்காலத்திலேயே விழுந்தாள். முதலில் குடம் உருளும் சத்தம்தான் கேட்டது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஆள் கூப்பிட்டு, ஏணிக்கு இருபக்கமும் கைப்பிடிக் கம்பி பற்றவைத்தேன். சந்து முழுக்க இதே வாசனை. ஆனால் அவளால் அப்புறம் ஏணியே ஏற முடியவில்லை. ஐரோலியில் தரையோடு ஓர் அறை பார்த்துப் போய்விட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கவென்றே ஒருமுறை அங்கே போனேன். வாயைத் திறந்தால் வசனம் வருகிறது, பழக்கம். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, "வசனம் வேண்டாம் அண்ணாச்சி, சாயாவக் குடிங்க" என்றாள். குடித்தேன். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன்.

இப்போது எஸ்தர் இல்லை. அந்தச் சந்து முழுவதையும் இடித்துவிட்டார்கள். ஏணி, நான் வைத்த கம்பியோடு, பழைய இரும்புக்குப் போனது. அவர்கள் ஐரோலி போன பிறகும் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் பல வருஷம் நடந்தது. பாடம் நடத்தியதும் நான்தான். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன சொன்னாலும் ஆமென் சொன்னார்கள்.