மத்தியானம் எழுந்துகொள்ளும் பலகை

மருத்துவமனை வாசலில் நடந்த அந்தப் பேச்சு அவளுக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. பேசியவர்கள் மூன்று பேர்: சித்தி, கொத்தனாரான சித்தப்பா, மருத்துவமனையின் மேற்பார்வையாளர். அவள் சித்திக்குக் குடை பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

மேற்பார்வையாளர்தான் ஆரம்பித்தார். "வாங்கம்மா, நீங்க பெத்த பலகை பண்ற கூத்த நீங்களே பாருங்க."

சக்கர நாற்காலி ஏறுவதற்காகப் பத்து நாள் முன்பு போட்ட சாய்தளம் அது. பால் உறை, கடைப்பை, பாட்டில் மூடி எல்லாவற்றையும் உருக்கி, மணல் கலந்து, சித்தியின் கொட்டகையில் வார்த்த பலகைகள். அவை நடுவில் அரைச் சாண் உயரத்துக்குப் புடைத்துக்கொண்டு நின்றன.

"காலையில எட்டு மணிக்கு வந்து பாத்தேன் சார். தரையோட தரையாப் படுத்திருந்துச்சு," என்றாள் சித்தி.

"அதத்தாம்மா நானும் சொல்றேன். காலையில படுத்துக்குது, மத்தியானம் எழுந்து உக்காந்துக்குது. எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் இருக்காங்க, அவங்க இதுக்கு நேர் எதிர்."

சித்தப்பா சிரித்துவிட்டார். சித்தி பார்த்த பார்வையில் மீதிச் சிரிப்பை விழுங்கினார்.

"பதிச்சது நான் சார். முப்பது வருஷமா கரண்டி பிடிக்கிறேன். சந்துல ஒரு தாள் நுழையுதான்னு பாருங்க. நுழைஞ்சா தொழிலயே விட்டுடறேன்."

"உங்க வேலையில குத்தம் சொல்லலங்க. பலகைதான் சரியில்ல. குப்பைய என்ன பண்ணினாலும் குப்பைதானே?"

"குப்பையில்ல சார். பிரிச்சு, கழுவி, காய வெச்சு..."

"அம்மா, நேத்து ஒரு பெரியவரோட நாற்காலி இதுல முட்டி நின்னுடுச்சு. ரெண்டு பேர் தூக்கிவிட்டாங்க. மூணு நாள் பாக்கறேன். அப்புறம் இதப் பேத்துட்டு கான்கிரீட் போட்டுடுவேன். பள்ளிக்கூட நடைபாதைக்கு உங்ககிட்ட வாங்கறதா இருக்காங்கல்ல? அவங்களும் இதப் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்க."

பேச்சு அத்துடன் முடிந்தது. திரும்பும் வழியெல்லாம் சித்தி குடையைக்கூடக் கேட்காமல் வெயிலில் நடந்தாள்.

சித்தி அவள் அம்மாவின் தங்கை. கொட்டகைக்கு உருக்கும் இயந்திரம் வருவதற்கு முன் பதினோரு வருடம் பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் வேலையில் இருந்தவள். காதருகே வைத்துக் கசக்கினால் போதும், சத்தத்தை வைத்தே எது என்ன வகை என்று சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால் தண்ணீர்த் தொட்டியில் போடுவாள். மூடியும் பால் உறையும் மிதக்கும்; குழாய்த் துண்டு மூழ்கும். மூழ்குவதில் ஒன்றே ஒன்று உருக்கும் உருளைக்குள் போனாலும் கண்ணெரியும் புகை கிளம்பி அன்றைய வார்ப்பு மொத்தமும் கெடும். அதனால் கூட வேலை செய்யும் மற்ற ஐந்து பெண்கள் பிரித்து முடித்த குவியலையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்ப்பாள். "மாமியார்கூட இவ்வளவு குடைய மாட்டாங்க" என்று அவர்கள் முணுமுணுப்பது அவள் காதில் விழும். விழுந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஆறு பேரும் சேர்ந்து அந்த இயந்திரத்தை வாங்கியபோது கூடவே ஒரு தடித்த கையேடு வந்தது. அது வேறு மொழியில் இருந்தது. அந்த மொழி தெரிந்தவள் குடும்பத்திலேயே சித்தியின் அக்கா மகளான அவள் ஒருத்திதான். கல்லூரி விடுமுறையில் அவள் கொட்டகைக்கு வந்து படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். எத்தனை சூடு, எவ்வளவு மணல், அச்சைத் தண்ணீரில் எத்தனை நிமிடம் முக்க வேண்டும் என்று சித்தி கேட்டுக்கேட்டு எண்களைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள். இரண்டு வருடமாக அந்தச் சுவர்தான் கொட்டகையின் சட்டம்.

வாசலில் அந்தப் பேச்சு நடந்த மறுநாள் விடிந்ததும் சித்தி ஒரு பலகையைக் கொட்டகை முற்றத்தில் கிடத்தினாள். ஆறடிப் பலகை. அதன் இரண்டு முனையிலும் சிமெண்டுத் தரையில் ஆணியால் கோடு கிழித்தாள். ஒரு மணிக்கு மேல் சித்தப்பா வந்து குனிந்து பார்த்தார். கோடுகள் பலகைக்கு அடியில் மறைந்திருந்தன. இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் சுண்டுவிரலில் பாதி கனத்துக்குப் பலகை நீண்டிருந்தது.

"ஏய், உன் பலகை வளருதுடி!"

"வளரும். சாயந்திரம் வந்து பாருங்க, சுருங்கியிருக்கும்."

"செங்கல் இப்படியெல்லாம் பண்ணாதுடி."

"இது செங்கல் இல்லையே. வெயில்ல நீளுறதுக்கு இடம் வேணும். நீங்கதான் ரெண்டு சுவத்துக்கும் நடுவுல பெட்டியில துணி அடுக்கற மாதிரி இறுக்கிட்டீங்களே. போக வழியில்லாம மேல எழுந்திருக்கு."

சித்தப்பா கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "பொண்டாட்டி வார்த்த பலகையாச்சேன்னு வழக்கத்தவிட இறுக்கிப் போட்டேன். மரியாதை பண்ணினேன்டி."

"உங்க மரியாதை அரைச் சாண் உசரத்துக்கு நிக்குது, போய்ப் பாருங்க."

கையேட்டைத் தமிழில் சொன்னவள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு அலமாரியிலிருந்து கையேட்டை எடுத்துப் புரட்டினாள். முப்பத்தோராம் பக்கத்தில் நின்றாள். பலகையைப் பதிக்கும் விதம் பற்றிய பக்கம். முனைக்கு முனை பென்சில் நுழையும் அளவு இடைவெளி விட வேண்டும். சுவரை ஒட்டியும் அப்படியே. ஒவ்வொரு பலகைக்கும் நடுத் துளை மட்டும் வட்டம், மற்ற துளைகளை நீளவாக்கில் போட்டால்தான் திருகாணிகள் பலகையைக் கட்டிப்போடாது. பக்கத்தின் தலையில் இதெல்லாம் கட்டாயம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். இயந்திரத்தை ஓட்டுபவர்களுக்கு இது எதற்கு, பதிக்கிற கொத்தனார் பார்த்துக்கொள்வார் என்று அங்கிருந்து ஏழு பக்கத்தைப் படிக்காமலே தாண்டிப் போயிருந்தாள்.

புத்தகத்தைச் சித்தி முன் விரித்து வைத்துத் தமிழில் சொன்னாள்.

சித்தி பக்கத்தையே பார்த்தாள். "இது எப்பவும் இதுல இருந்துச்சா?"

"இருந்துச்சு சித்தி."

"சரி," என்றாள் சித்தி. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் காலை சாய்தளத்தைக் கழற்றிப் பலகைகளின் முனைகளை அறுத்து, நடுத் துளை தவிர மற்றவற்றை நீளவாக்கில் பெரிதாக்கினார்கள். சித்தப்பா ஒரு பென்சிலைச் சந்துக்குச் சந்து செருகி அளந்தபடியே பதித்தார். முப்பது வருடப் பழக்கம். இடைவெளி தெரியத் தெரிய அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்தி, "தெரியாம விட்டதில்லைங்க, வேணும்னேதான் விட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மணி வெயிலில் மேற்பார்வையாளரே காலி நாற்காலியை மேலும் கீழுமாக நாலு முறை தள்ளிப் பார்த்தார். "ம்," என்றார். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தார். அந்த நடைபாதை மூன்று கோடையைப் பார்த்துவிட்டது. குழந்தைகள் சந்துக்குள் குச்சி செருகி விளையாடுவதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

சாய்தளத்தைக் கழற்றுவதற்கு முந்தின நாள் மதியம் மற்ற பெண்கள் கை கழுவப் போயிருந்தபோது சித்தி அவளைக் கூப்பிட்டாள். இயந்திரம் அணைந்திருந்தது. ஒரு கவிழ்த்த வாளியை அவளுக்குத் தள்ளிவிட்டு, இன்னொன்றில் தானும் உட்கார்ந்து, கையேட்டை அவள் மடியில் வைத்தாள்.

"அட்டையிலேருந்து அட்டை வரைக்கும் படிச்சுச் சொல்லும்மா. ஒரு வரி விடாத. எனக்கு எது வேணும், எது வேண்டாம்னு நான் பாத்துக்கறேன்."