காய்ச்சல் இல்லாத நாளின் ரத்தம்

நொச்சிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. ரேஷன் கார்டோடு சேர்த்து அண்ணன் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறான். உள்ளே மூன்று காகிதங்கள். குதிரையின் ரத்தத்தில் ஒட்டுண்ணி எதுவும் தென்படவில்லை என்று மூன்றும் சொல்கின்றன. அது பொய்யும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

கிண்டி ரேஸில் ஓடி முடித்து, இனி உதவாது என்று கழித்துவிட்ட பெண்குதிரை அது. அண்ணன் வாங்கி வந்து மெரினாவில் சவாரி விட்டான். கடிவாளம் பிடிப்பது அவன் வேலை, பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. ஒரு மழைக்காலம் முடிந்ததும் குதிரைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் கொள்ளைத் தொடாமல் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காததுபோல் தின்னும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் விலா எலும்பு இன்னும் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

கால்நடை மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். "கடிக்கிற ஈயால வர்ற நோயா இருக்கலாம்மா. கிருமி ரத்தத்துலதான் இருக்கும். ஆனா காய்ச்சல் அடிக்கும்போது எடுத்தாதான் கண்ணுல படும். நடக்க முடியலைன்னா போன் பண்ணுங்க, நானே வரேன்."

என்னிடம்தான் சொன்னார். நம்பரும் என் போனில்தான் இருந்தது.

அண்ணனிடம் சொன்னேன். "காய்ச்சலோட கீறதைப் போய் இன்னாத்துக்கு ஊசியால குத்தணும்? தேறட்டும், நானே இட்டுக்கினு போறேன்" என்றான். தேறியதும் கூட்டிப் போனான். மூன்று முறையும் அப்படித்தான். தன் குதிரைக்கு நோய் இல்லை என்று எழுதி வாங்கி வருவதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. நானும் ஒவ்வொரு முறையும் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

காணும் பொங்கல் அன்று காலை அதன் காது மடலைத் தொட்டேன். கொதித்தது. போனைக் கையில் எடுத்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் உடு. ஊரே பீச்சுக்கு வருது. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான் அண்ணன்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவன்மேல் பழியைப் போடுவது எனக்கு வசதிதான். ஆனால் எனக்கும் அந்தக் கூட்டம் வேண்டியிருந்தது.

அன்று முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி அதன் முதுகில் வைத்தேன். "ஆன்ட்டி, குதிரை சூடா இருக்கு" என்றாள் ஒரு சிறுமி. வெயில் என்றேன்.

நாலு மணிக்குப் பின்னங்கால்கள் தள்ளாடி, மணலில் படுத்துவிட்டது. அப்போதுதான் மருத்துவருக்கு போன் செய்தேன். வந்தார். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார், மருந்தும் போட்டார். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் நூல் துணுக்குகள், பார்த்த இடமெல்லாம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

மூன்றாம் நாள் குதிரை செத்தது. அவர் எழுதிக் கொடுத்த நான்காவது காகிதத்தை நான் அண்ணனிடம் காட்டவில்லை. என் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது.

இப்போதும் யாராவது விசாரித்தால் அண்ணன் கவரை எடுத்து வந்துவிடுகிறான். "டாக்டரே ஒண்ணும் இல்லன்னு எய்திக் குட்த்தாரு. மூணு தபா!" என்று சொல்லி என் பக்கம் திரும்புவான். "நீயே சொல்லு."

"ஆமா, மூணு தபா" என்கிறேன்.