விரதத்துக்கு ஒரு பாலிசி

நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா என்பார்கள். இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு வெந்துவிடும் போலிருக்கிறது. தலைநகர் ஜனக்புரியில் எங்கள் அம்மன் கோயில் தீமிதிக்கு விபத்துப் பாலிசி இருந்தால்தான் பூங்காவில் குழி வெட்டலாம் என்று மாநகராட்சியில் சொல்லிவிட்டார்கள். ஸ்கூட்டருக்கும் கடைக்கும் பாலிசி பிடிக்கிற ஏஜென்ட் நான். தீமிதி என்று சொன்னதுமே எல்லாக் கம்பெனியிலும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

கடைசியில் ஒரு பெரிய புரோக்கர் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றைப் பிடித்தார். அதற்கு இங்கே லைசென்ஸ் கிடையாது. தனி அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும். நாளை தகராறு வந்தால் இங்கே முறையிட ஆளில்லை. கோயில் கமிட்டியிடம் ஒளிக்காமல் சொன்னேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிறோமோ என்று இழுத்தவர்களும் வேறு வழியின்றித் தலையாட்டினார்கள்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: தீக்காயம் படாமலிருக்க என்ன ஏற்பாடு? எங்கள் செயலாளர் மத்திய அரசில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார். ‘காப்புக் கட்டிப் பதினெட்டு நாள் விரதம். தவறியவர் இறங்குவதில்லை’ என்று எழுதிவிட்டார். நான் படித்துப் பார்க்காமல் அனுப்பினேன். பாலிசி வந்தபோது அதுவே நிபந்தனையாகியிருந்தது. விரதம் தவறிய ஒருவர் இறங்கினாலும் பாலிசி யாருக்கும் செல்லாது.

விரதத்தின் ஆறாம் நாள் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். பங்களாக்களில் சமையல் வேலை. டெங்குவில் கிடந்த மகள் பிழைத்தால் தீமிதிப்பதாக வேண்டிக்கொண்டவள். மகளும் பிழைத்துவிட்டாள்.

“மேம்சாப் வீட்டுல மட்டன் கொதிக்குதுண்ணே. நமக், உப்பு சரியான்னு பாக்க, கை தானா வாய்க்குப் போயிடுச்சு.”

அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. பாலிசியில் இருப்பதைச் சொன்னேன்.

“சாமி பொறுத்துக்கும். இந்தக் கம்பெனி பொறுக்குமா? வேணாண்ணே, எம் பேரை எடுத்துடுங்க. என்னால மத்தவங்களுக்குக் கெடுதல் வேணாம்.”

பேரை எடுக்க எனக்குக் கை வரவில்லை. செயலாளரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பூசாரியைக் கூப்பிட்டு, தவறினால் நம் வழக்கத்தில் என்ன செய்வோம் என்று கேட்டார். தலைமுழுகி மறுகாப்புக் கட்டிக்கொண்டால் விரதம் தொடரும் என்றார் பூசாரி. அவள் அப்படியே செய்தாள். நடந்ததை, மட்டன் குழம்பு உட்பட, மறைக்காமல் கம்பெனிக்கு எழுதி அனுப்பினோம். உண்மையைச் சொல்லிக் கெட்டோமோ என்று ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதில் வந்தது. மறுகாப்பை ஏற்கிறோம், பூசாரியின் கடிதம் தேவை என்று இருந்தது. பூசாரி அன்றே கையெழுத்துப் போட்டார்.

தீமிதி அன்று அவள் ஓடவில்லை, நடந்தே கடந்தாள். பால்குழியில் கால் நனைத்து ஏறியவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள்.

“பாலிசி பேப்பர்ல எம் பேரு இருந்துச்சுல்லண்ணே?”

“இருந்தது தாயி” என்றேன். அதன் பிறகுதான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.