ரிக் கர்நாடகாவில், பைப் ஆந்திராவில்!

சில வருஷத்துக்கு முன்னாடி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் நான் இன்ஜினியரிங் படித்தபோது நடந்தது இது. சி லேங்குவேஜ் பிராக்டிகலில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டிருந்தேன். மறுபடியும் போச்சுன்னா கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரவே விடமாட்டார்கள்.

மாணவர்களின் நம்பர், பெயர், மார்க்கை வாங்கி ரேங்க்படி அடுக்கணும். இதுதான் கேள்வி. ப்பூ, இவ்வளவுதானா என்று மூன்றையும் தனித்தனி அர்ரேயில், அதாவது தனித்தனிப் பட்டியலில் போட்டு மளமளவென்று எழுதிவிட்டேன். வெளிக் காலேஜிலிருந்து வந்த எக்ஸாமினர் மேடம் ஸ்கிரீனைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, பெயிலான பையனுக்கு முதல் ரேங்க் குடுத்திருக்கியே, உனக்குச் சொந்தக்காரனா?"

மார்க்கை மட்டும் இடம் மாற்றிவிட்டு, பெயர்களை அம்போன்னு விட்டிருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பத்தான் எங்கப்பா ஞாபகம் வந்தது. போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். ரிக் லாரி கிளம்பினால் பைப், டீசல், சமையல் பாத்திரம் ஏற்றிய லாரியும் கூடவே போகணும். ஒரு தடவை டிரைவர்கள் ஆளுக்கொரு சைட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ரிக் கர்நாடகாவில், பைப் ஆந்திராவில்! "ஒண்ணாப் போகாட்டி ரெண்டும் வெறும் இரும்புடா!" என்று அப்பா போனில் கத்தினது தெருவுக்கே கேட்டது.

அடச்சே, நானும் அதே கூத்தைத்தானே பண்ணி வைத்திருக்கேன்! எல்லாவற்றையும் அழித்தேன். ஒரு மாணவனின் நம்பர், பெயர், மார்க் மூன்றையும் ஸ்டிரக்சர் என்கிற ஒரே மூட்டைக்குள் கட்டினேன். இனி இடம் மாறினால் ஆளே மொத்தமாக மாறுவான். ரன் பண்ணினேன். அவரவர் மார்க் அவரவர் பெயரோடு ஜம்மென்று வந்து நின்றது.

மேடம் விடவில்லை. "சரி, ஊர்ப் பேரையும் சேர்த்துக் காட்டு பார்ப்போம்."

ஸ்டிரக்சருக்குள் ஒரு வரி, வாங்க ஒரு வரி, காட்ட ஒரு வரி. அடுக்குகிற பகுதியில் கையே வைக்கவில்லை. "சபாஷ்!" என்றார் பாருங்க, எனக்கு லேபிலேயே குதிக்கணும் போல இருந்தது.

ரிசல்ட் வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். "அப்பா, பாஸுங்க! நம்ம ரிக்குதான் பாஸ் பண்ணி விட்டுச்சு!"

"ஒண்ணும் புரியல சாமி. ஆனா ரிக்குப் பசங்களுக்கு இன்னைக்குப் பிரியாணிதான்!"

இன்றைக்கும் ஆபீசில் புது வேலை வந்தால், எதெல்லாம் ஒண்ணாப் போகணும் என்றுதான் முதலில் பார்க்கிறேன்; புத்தகத்தை எத்தனை தடவை புரட்டியும் மண்டையில் ஏறாதது, எங்கப்பா போட்ட ஒரே சத்தத்தில் ஏறிவிட்டது.