பீரோவுக்கு ஆபரேஷன்

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் கம்பெனியில் அவரை எல்லோரும் "பீரோ" என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்பு பீரோ ஒன்றைத் தனியாளாக மூன்று மாடி இறக்கிய வீறாப்புக்குக் கிடைத்த பட்டம். அந்த வீறாப்புதானோ என்னவோ, தொடை மடிப்புக்குச் சற்று மேலே எலுமிச்சை அளவில் ஒரு வீக்கம் எட்டிப் பார்த்தது.

குடலிறக்கம் என்றார் டாக்டர். ஆபரேஷனில் இரண்டு வழி உண்டாம்.

"வீக்கம் இருக்கிற இடத்துலயே ஒரு வெட்டு போட்டு, குடல் பிதுங்காம வலை வச்சுத் தைக்கலாம். இல்லன்னா தொப்புள்கிட்ட ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, மூணே சின்ன ஓட்டை. அது வழியா கேமரா விட்டு வலையை வைப்போம். முழு மயக்கம் குடுக்கணும்." பேனா முனையால் பீரோவின் வயிற்றிலேயே மூன்று புள்ளி வைத்துக் காட்டினார். "உங்களுக்கு ரெண்டுமே சரிதான். மறுபடி வர்ற வாய்ப்பும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஓட்டைன்னா வலி கம்மி, கொஞ்சம் சீக்கிரம் வேலைக்குப் போகலாம்."

அந்தச் சீக்கிரம்தான் பீரோவுக்கு வேண்டியிருந்தது. அடுத்த மாதம் மேஸ்திரி ஓய்வு பெறுகிறார். அந்த இடம் இவருக்கா, மச்சானுக்கா என்று முதலாளி இன்னும் வாய் திறக்கவில்லை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், வேலையில் பதினெட்டு வருட ஜோடி. படி இறங்கும்போது சாமானின் கீழ்முனை மச்சானுக்கு, மேல்முனை இவருக்கு. நடுவில் நிற்கும் பாரம் முகத்தை மறைத்துவிடும். கீழேயிருந்து "பிடிச்சிருக்கேன்" என்று குரல் வந்தால்தான் பீரோ கால் எடுத்து வைப்பார்.

அந்த மச்சான்தான் அலறினார். "ஓட்டையா? விளையாடுறியா மச்சான்? நம்ம வேலைக்கு அது தாங்குமா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனுக்கு ஒரே வருஷத்துல பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. வெட்டித் தைக்கிறதுதான் கெட்டி. உன் இடத்தை நான் பாத்துக்கிறேன்."

அண்ணன் சொன்னால் மனைவிக்கு மறுபேச்சு ஏது! பீரோவும் தலையாட்டினார். வெட்டு நன்றாகவே ஆறியது, டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆறு வாரம் பாரம் தொடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஐந்தாவது வாரம் மச்சான் மேஸ்திரி ஆனார். இடத்தைப் பார்த்துக்கொண்ட லட்சணம் அன்றைக்கும் இந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. போன் போட்டு வாழ்த்து வேறு சொன்னார்.

ஏழாவது வாரம் முதல் வேலை, இரண்டாவது மாடியிலிருந்து ஒரு துணி அலமாரி. ஆள் குறைவென்று மேஸ்திரியே கீழ்முனைக்கு வந்தார். கயிற்றை இழுத்துக் கட்டக் கையை உயர்த்தியபோது அவர் சட்டை மேலே ஏறியது. தொப்புள்கிட்ட ஒரு தழும்பு. இரண்டு பக்கமும் ஒன்றொன்று. டாக்டர் பேனா வைத்த அதே இடங்கள்.

போன வருஷம் சிறுநீரகக் கல் என்று சொல்லி மூன்று வாரம் லீவு போட்டவர் மச்சான்.

"கல்லுக்கா மச்சான் மூணு ஓட்டை?"

மச்சான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கும் குடலிறக்கம்தான். வெளிய தெரிஞ்சா எவன் மேஸ்திரி ஆக்குவான்?"

"அப்ப என்னை ஏன் வெட்டிக்கச் சொன்ன?"

மச்சான் குனிந்து அலமாரியின் அடியில் கை கொடுத்தார். அவர் முகம் மறைந்தது.

"வேலையப் பாரு மச்சான். பிடிச்சிருக்கேன், வா."

பதினெட்டு வருஷமாக அந்தக் குரலுக்கு இறங்கிய பீரோவின் கால் இன்று நகர மறுத்தது.

"கீழ வை," என்றார். "வேற யாரையாவது பிடிக்கச் சொல்லு."