பௌர்ணமிக்குக் கூப்பிட வேண்டிய எண்கள்

கொச்சியில், மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படிக்கு நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் வேலை போன அன்று கொஞ்ச தூரம் நடப்பது என் வழக்கம். அடுத்து எந்தப் பக்கம் போவது என்பது நடக்கும்போதுதான் எனக்குத் தெரியவரும். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. தோப்பும்படியில் இடது பக்கம் திரும்பிப் பாலத்தைக் கடந்தால் எர்ணாகுளம், அங்கிருந்து காக்கநாடு. காக்கநாட்டில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்காத நாள் கிடையாது. அங்கே போவதாகத்தான் இருந்தேன்.

விட்டு வந்தது உட்கார்ந்து செய்கிற வேலை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு அதுவரை அப்படி ஒன்று அமைந்ததில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு சுற்றியிருக்கிறேன், ஓட்டலில் மாவு அரைத்திருக்கிறேன், படகுத்துறையில் ஐஸ் உடைத்திருக்கிறேன். இங்கே ஒரு சுக்கு மண்டிக்கு மேல் மாடி அறை, மின்விசிறி, போன். வீடு வாங்கி விற்கிற ஒருவர் அதை நடத்தினார். எல்லோரும் அவரைச் சேட்டன் என்றே கூப்பிட்டோம். காயலோர வீடுகள் உடனே வாங்கப்படும் என்று விளம்பரம் கொடுப்பார். அதைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள், பாதியில் வைத்துவிட்டவர்கள், விலை மட்டும் விசாரித்தவர்கள் எல்லோருடைய எண்களும் ஒரு தாளில் வரும். தமிழ் பேசுகிறவர்கள் என் பங்கு. அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, யார் உண்மையிலேயே விற்கப் போகிறவர், யார் சும்மா கேட்டவர் என்று சலிக்க வேண்டும்.

சலிப்பதற்கு நான்கு கேள்விகள். ஏன் விற்கிறீர்கள், எப்போதைக்குள் விற்க வேண்டும், பத்திரத்தில் வேறு யாராவது கையெழுத்துப் போட வேண்டுமா, விற்காவிட்டால் என்ன செய்வீர்கள். நான்காவது கேள்விக்குப் பிறகு எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார் சேட்டன். “வாடகைக்கு விடுவோம்” என்று சட்டென்று சொன்னால் அந்த எண்ணை அடித்துவிடலாம். பேச்சு நின்றுபோனால் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். வட்டம் போட்ட வீட்டுக்கு அவரே நேரில் போவார். அவசரம் எவ்வளவோ அவ்வளவுக்கு விலை இறங்கும்.

அந்த வேலையில் நானாகக் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. கும்பளங்கியிலும் சுற்றியுள்ள காயலோரங்களிலும் கார்த்திகை பிறந்தால் கடல் ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிச் சில நாள். விடியும் முன் ஏறி, வெயில் வந்த பின் இறங்கும். மற்ற நாட்களில் “மகன்கிட்ட கேக்கணும்” என்று இழுக்கிறவரை, பௌர்ணமியன்று காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டால் “நீங்க எப்ப வர்றீங்க?” என்று கேட்பார். இதைச் சேட்டனிடம் சொன்னேன். மறுநாளே என் மேசைக்கு மேல் ஒரு காலண்டர் மாட்டினார். “எடா, நீ மேல படிக்காதது நன்னாயி. படிச்சவனுக்கு இது தோணாது” என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கும்பளங்கியில் ஓர் அக்காவின் எண் அந்தக் காலண்டரில் ஏறியது. கணவர் இறந்த பிறகு மட்டாஞ்சேரியில் வைத்திருந்த துணிக்கடையைக் கொடுத்துவிட்டு, அவர் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். வீட்டை விற்றுப் பாலக்காட்டில் மகள் இருக்கும் தெருவில் ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும். வேறு சொத்து இல்லை. விலை அடிபட்டால் சின்ன வீடும் இல்லை, மகள் வீட்டில் ஒரு மூலைதான். இதையெல்லாம் முதல் இரண்டு அழைப்புகளிலேயே சொல்லிவிட்டார். கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொல்கிற ஆள்.

மூன்றாவது முறை பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் கூப்பிட்டேன்.

“அடுக்களையில நிக்கிறேன் தம்பி. கணுக்கால் வரைக்கும் வெள்ளம். சத்தம் கேக்குதா?”

கேட்டது. ஏதோ பாத்திரம் மிதந்துபோய்ச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. நான்காவது கேள்வியைக் கேட்டேன்.

“விக்கலைன்னா என்ன செய்வேனா? நீயா இருந்தா என்ன செய்வே?”

“நானா இருந்தா வேற ஊருக்குப் போயிடுவேன் அக்கா.”

“உனக்கென்ன, பையத் தூக்கினா அடுத்த ஊரு. எனக்குக் கட்டில் இருக்கு, பீரோ இருக்கு, கிரைண்டர் இருக்கு. உன் தலையிலயா வைக்கிறது?”

சிரித்துவிட்டேன். சிரித்தபின் ஒருவரிடம் மறைத்துப் பேசுவது கஷ்டம். “நாளைக்குக் காலையில எங்க சேட்டன் வருவாரு. அவசரமில்லைன்னு சொல்லுங்க. ஹோம்ஸ்டேக்காகப் பக்கத்து வீட்டை வாங்கினாங்களே, அந்த விலைக்குக் கீழ இறங்காதீங்க” என்றேன். என் சொந்த எண்ணைக் கேட்டார், கொடுத்தேன்.

இரக்கப்பட்டுச் செய்தேன் என்று சொல்ல முடியவில்லை. அதே போல எத்தனையோ பேருக்கு வட்டம் போட்டிருக்கிறேன்.

மறுநாள் பத்தரை மணிக்குச் சேட்டன் திரும்பி வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

“கால் வெள்ளத்துல, கையில தொடப்பம், அவசரமில்லைன்னு பறையுறா!” என்றார். “எனக்குச் சிரிப்பு வந்துபோயி. அப்ப அவளே சொல்றா, ‘உங்க ஆபீஸ்ல ஒரு தமிழ்த் தம்பி, தங்கமான ஆளு, அவன்தான் இப்படிச் சொல்லச் சொன்னான், அவனை நல்லா வச்சுக்கோங்க’ன்னு. சாயாவும் தந்தா.”

சிவப்புப் பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

“நீ ஆரு, அவளுக்கு வக்கீலா?”

“இல்ல சேட்டா.”

“பின்னே?”

பின்னே ஒன்றுமில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

தோப்பும்படிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. அந்த அக்காதான்.

“ஆபீசுக்குக் கூப்பிட்டேன், நீ இல்லைன்னாங்க. நான் உன்னைப் பத்தி நல்லதுதானே சொன்னேன்?”

“ஆமாக்கா. அதனாலதான்.”

“அல்லாவே!” என்றார். பிறகு, “நீ சொன்ன விலையில இருந்து நான் இறங்கலை. அவரு போயிட்டாரு. வெள்ளம் போகலை. இன்னும் நாலு நாளைக்கு ஏறும், அப்புறம் அமாவாசை. நான் என்ன செய்யட்டும், சொல்லு.”

நான் பேசாமல் நின்ற நேரத்துக்கு எனக்கே ஒரு வட்டம் போட்டிருக்கலாம்.

“சரி, நானே சொல்றேன். அடுக்களைத் தரையை ஒரு அடி உயர்த்தப் போறேன். கொத்தனார் வரேன்னுட்டாரு, கையாள் இல்லை. பொறுத்திருக்கச் சொன்னது நீ. வந்து மண்ணு சும. ஊர்க் கூலிதான், கூட கேக்காதே.”

தோப்பும்படியில் பாலத்தின் பக்கம் திரும்பாமல் நேராகப் போனேன். பள்ளுருத்தியில் தெரிந்த ஒருவர் அறையில் படுத்துக்கொண்டேன்.

காலையில் கும்பளங்கிக்குப் போனபோது தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, காரை உதிர்ந்திருந்தது. பிரிட்ஜ் நான்கு வெட்டுகல்லின் மேல் நின்றது. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“குரலைக் கேட்டு நல்ல தடியன்னு நினைச்சேன். இந்த உடம்பு சுமக்குமா?”

“சுமக்கும்க்கா.”

வாசலில் செம்மண்ணும் உடைந்த கல்லும் குவித்திருந்தார்கள். முதல் சட்டியை உள்ளே கொட்டியதும் அது சேற்றில் அமிழ்ந்து காணாமல் போனது. கொத்தனார் கதவு நிலையை அண்ணாந்து பார்த்து, “ஒரு அடி உயர்ந்தா தலை இடிக்கும்” என்றார். “குனிஞ்சுக்கிறேன். நீங்க கொட்டச் சொல்லுங்க” என்றார் அக்கா.

பத்துப் பன்னிரண்டு சட்டி ஆகியிருக்கும். அவருடைய போன் அடித்தது. கை முழுக்க ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு பிரிட்ஜின் மேல் வைத்தார். என் நாற்காலியில் புதிதாக யாரோ. மலையாளத்தில், அந்த நான்கு கேள்விகளையும் அதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கேட்டான். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். விற்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கடைசியில் கேட்டான்.

“அடுக்களைக்கு மண்ணு போட்டுக்கிட்டிருக்கேன். எனக்கு அவசரமில்லை. அந்த விலைக்கு ஆளு இருந்தா அனுப்பு” என்றார்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. கொத்தனார் தரையைத் தட்டி, இந்த மூலைக்கு இன்னும் வேண்டும் என்றார். நான் சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.